பன்னிரண்டு அங்குலத்தில் தொடங்குகிறவர்

“நீ சொல்லுதது சரியாத்தான் இருக்கும்மா. ஆனா சரியில்லாமலும் இருக்கலாம்லா?”

தென்காசியில் அவருடைய அலுவலகத்தில் வேலைக்குச் சேர்ந்த அன்று, நான் போட்டுக் காட்டிய முதல் வரைபடத்தைப் பார்த்து அவர் சொன்னது இது. முகத்தில் கேலி இல்லை, கண்டிப்பும் இல்லை. மழை வருமா என்று கேட்டால் வானத்தைப் பார்ப்பதுபோல வரைபடத்தைப் பார்த்தார். நான் நிலவியலில் முதுகலை முடித்து, வகுப்பில் முதலாவதாக வந்திருந்தேன். எங்கள் வீட்டில் எனக்கு முன்னால் யாரும் பள்ளிக்கூட வாசலை மிதித்ததில்லை. அச்சன்புதூரில் பீடி சுற்றிக்கொண்டே என் அம்மா தெரு முழுக்க அதைச் சொல்லிவிட்டிருந்தாள். சரி என்றால் சந்தோஷப்பட்டிருப்பேன். தப்பு என்றால் சண்டை போட்டிருப்பேன். இரண்டும் இல்லாத ஒன்றை வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று தெரியவில்லை.

நான் வரைந்தது ஒரு ஆழ்துளைக் கிணறு. அதில் ஏழங்குலக் குழாய் ஒன்று மட்டும் இருந்தது. அவர் பென்சிலை எடுத்து அதற்கு வெளியே இன்னொரு குழாயை வரைந்தார்.

“பன்னெண்டு இஞ்சுல ஆரம்பிச்சிரு. அதுக்குள்ள பத்திஞ்சுக் குழாய். வேணும்னா அதுக்குள்ள ஏழு.”

“வேண்டாம்னா, சார்?”

“வேண்டாம்னா சந்தோசம்.”

ஆழ்துளைக் கிணறு என்றால் பூமியில் போடுகிற ஓட்டை என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். ஓட்டை போடுவது பெரிய காரியமில்லை. போட்டது மூடிக்கொள்ளாமல் நிற்க வேண்டும். கெட்டிப் பாறையில் தானாக நிற்கும். மண்ணிலும் களியிலும் சரளையிலும் சுவர் சரிந்து, பாறையை உடைக்க உள்ளே போன இயந்திரச் சுத்தியலையும் சேர்த்துப் புதைத்துவிடும். அதைத் தடுக்கத்தான் கேசிங் குழாய் இறக்குகிறார்கள். ஒரு குழாயை இறக்கிவிட்டால் அதன் பிறகு தோண்டுவதெல்லாம் அந்தக் குழாய்க்குள் நுழைகிற அளவில்தான். கீழே போகப் போக அகலம் குறையுமே தவிர ஒருநாளும் கூடாது. மேலே குறுகலாகத் தொடங்கியவனுக்குக் கீழே ஒரு சங்கடம் வந்தால் இன்னொரு குழாய் இறக்க இடம் இருக்காது.

அவர் வளைகுடாவில் எண்ணெய்க் கிணறுகளுக்குக் கேசிங் வடிவமைக்கும் வேலையில் பல வருடம் இருந்துவிட்டு வந்தவர். அங்கே கிணறு பூமிக்குள் மைல் கணக்கில் போகும். குழாய்க்குள் குழாய், அதற்குள் குழாய் என்று நான்கைந்து இறங்கும். அந்தப் பழக்கத்தை அப்படியே கொண்டுவந்து தென்காசித் தோட்டங்களில் இறக்கினார். எங்கள் ஊரில் எல்லாரும் ஏழங்குலக் குழாயோடு முடித்துக்கொள்வார்கள். அதனால் போர்வெல் ஏஜெண்டுகள் அவருக்கு வைத்த பெயர் ‘பெரிய சைசு’. அவருடைய சொந்தப் பெயரை நான் இங்கே எழுதப்போவதில்லை. எழுதினால் அவருக்குப் பிடிக்காது. பிடிக்கவும் செய்யலாம் என்பார்.

பட்டப்பெயர் கிணற்றுக்கு மட்டும் பொருந்தவில்லை. அவர் சட்டையின் தோள் முழங்கைப் பக்கம் இறங்கி நிற்கும். செருப்பு குதிகாலைத் தாண்டி ஒரு விரல் அகலம் நீண்டிருக்கும். கைக்கடிகாரம் மணிக்கட்டில் சுற்றிக்கொண்டே இருக்கும். ஒருநாள் டைப்பிங் செய்கிற அக்கா கேட்டேவிட்டாள்.

“சார், சரியான அளவுல ஒரு சட்டை எடுத்தா என்ன?”

“உடம்பு எப்பவும் இதே அளவுல இருக்கும்னு யாரு சொன்னா?” என்றார். நான் அங்கே வேலை பார்த்த காலம் முழுக்க அந்த உடம்பு கூடவும் இல்லை, குறையவும் இல்லை.

சென்னை ரயில் சாயங்காலம் என்றால் மத்தியானமே ஸ்டேஷனுக்குப் போய்விடுவார். டீ முக்கால் டம்ளர்தான் குடிப்பார். முழுசாக ஊற்றினால் தளும்பிவிடுமாம். அலுவலகத்துக்குக் கீழே டீக்கடை வைத்திருந்தவர் சும்மா விடமாட்டார்.

“அண்ணாச்சி, மிச்சக் கால் டம்ளரு சேந்துக்கிட்டே கெடக்கு. எப்ப வந்து தூக்கிட்டுப் போவிய?”

“இருக்கட்டும்வே, அங்கனயே இருக்கட்டும்.”

மத்தியானச் சாப்பாட்டை அவருடைய அக்கா கொண்டுவருவார். கல்யாணம் ஆகாத தம்பியைத் தன் வீட்டு மாடியில் வைத்துக்கொண்டிருந்தவர் அவர். தூக்குச்சட்டியை மேசையில் வைத்ததும் பேச்சு தொடங்கிவிடும். எங்களைப் பார்த்துத்தான் பேசுவார், அடி தம்பிக்கு.

“இலஞ்சியில ஒரு பிள்ளையப் பாக்கக் கூட்டிட்டுப் போனேன்ட்டி. லெச்சணமான பிள்ள. பாத்துட்டு வந்து ‘பார்க்கலாம்’னான். அவளுக்குக் கல்யாணம் ஆயி, ரெண்டு பெத்து, மூத்தது பள்ளிக்கூடம் போவுது. இவன் இன்னும் பாத்துக்கிட்டே இருக்கான்.”

“நான் வேண்டாம்னு சொல்லவே இல்லையேக்கா.”

“வேண்டாம்னாவது சொல்லித் தொலச்சிருக்கலாம்லா! அந்தப் பிள்ள ஒரு வருசம் உனக்காவ உக்காந்திருந்தாளே!”

அவர் குழம்பை ஊற்றிக்கொண்டார். தட்டின் ஓரத்தில் எப்போதும்போல ஒரு கை அளவு வெறுமையாக விட்டிருந்தார். டைப்பிங் அக்கா சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஒரு வருஷம் உட்கார்ந்திருந்த பெண்ணை நினைத்துக்கொண்டேன்.

சீசன் தொடங்கியதும் வருஷத்துக்கு ஒருமுறை அலுவலகத்தில் எல்லாரையும் குற்றாலத்துக்குக் கூட்டிப்போவார். நான் சேர்ந்த வருஷம் ஐந்தருவிக்குப் போனோம். சாரல் விடாமல் அடித்துக்கொண்டிருந்தது. பெண்கள் பக்கம் குளித்துவிட்டு நான் வெளியே வந்தபோது அவர் துவட்டி, உடுத்தி, தலைகூடச் சீவிவிட்டு நின்றார். கொஞ்ச நேரத்தில் தண்ணீர் செம்மண் நிறத்துக்கு மாறியது. போலீஸ்காரர்கள் விசிலை ஊதிக்கொண்டு ஓடிவந்தார்கள். ஒரே தள்ளுமுள்ளு. எங்கள் டிரைவர் துண்டோடு, ஒற்றைச் செருப்போடு வந்து சேர்ந்தார்.

“சாருக்கு மட்டும் மலை போன் போட்டுச் சொல்லுதோ?”

“தண்ணி கூடத்தான செய்யும். எப்பன்னுதான் தெரியாது” என்றார் அவர்.

டிரைவர் செருப்பைத் தேடப் போகும்போது என்னிடம் மெல்லச் சொன்னார். “இத்தனை வருசமா கூட வாரேன். ஒருநாளும் நடு அருவியில நின்னது கெடையாது பாத்துக்கோ. ஓரமா நின்னு, கம்பியப் பிடிச்சுக்கிட்டு, தலைய மட்டும் நீட்டுவாரு.”

அவர் இப்படி ஆனதற்குக் காரணம் இருக்கும் என்று நான் நம்பினேன். படித்தவர்களுக்கு எல்லாவற்றுக்கும் ஒரு காரணம் வேண்டும். ஒருநாள் கேட்டேன். கடலுக்கு நடுவே ஒரு கிணற்றைப் பற்றிச் சொன்னார். ஆழத்தில் ஒரு உப்புப் படிவம். உப்பு பார்க்கத்தான் கல். அத்தனை பாரத்துக்குக் கீழே அது மெழுகுபோல நகரும். அவர் வடிவமைத்த குழாயைச் சுற்றி நின்று மெதுவாக நசுக்கி, கடைசியில் துளைக்கருவி போக வழியில்லாமல் செய்துவிட்டது. உள்ளே இன்னொரு குழாய் இறக்க இடமில்லை. கிணற்றை அப்படியே சிமெண்டு ஊற்றி அடைத்துவிட்டு வந்தார்களாம்.

இதை அவருடைய அக்காவிடம் சொன்னபோது அவர் கையை உதறினார். “உப்பாவது புளியாவது! இவன் அஞ்சாங்கிளாசு படிக்கையிலயே ரெண்டு பேனா கொண்டுபோவான்.” அடுத்த நாள் அவரிடமே, எது நிஜம் சார் என்று கேட்டேன். “ரெண்டும்தாம்மா” என்றார்.

மேக்கரைக்குப் போகிற வழியில், மலையை ஒட்டி ஒரு தோட்டம். ராணுவத்தில் ஹவில்தாராக இருந்து ஓய்வு பெற்றவருடையது. அவரை எல்லாரும் ஹவில்தார் அண்ணாச்சி என்றுதான் கூப்பிடுவார்கள். பென்ஷனோடு ஊருக்கு வந்து, தென்னங்கன்றும் மாங்கன்றும் வைத்து, இரண்டு கோடையாக லாரித் தண்ணீர் வாங்கி ஊற்றிக்கொண்டிருந்தார். ஏற்கெனவே இரண்டு போர் போட்டாயிற்று. இரண்டுமே சரிந்து மூடிவிட்டன. எங்கள் அலுவலகத்துக்கு வந்தபோது நிமிர்ந்து உட்கார்ந்து, உத்தரவு போடுவதுபோலச் சொன்னார்.

“இது மூணாவது. இதுவும் மூடிக்கிச்சுன்னா நான் நெலத்த லாட்ஜுக்காரன்ட்ட எழுதிக் கொடுத்துட்டு, சென்னையில மவன் வீட்டுல போய் டிவி பாத்துக்கிட்டு உக்காந்துருவேன். அதுக்கு நான் பட்டாளத்துலயே செத்திருக்கலாம்.”

முதல் இரண்டும் ஏன் மூடின என்பது அந்தப் பக்கத்தை அறிந்தவர்களுக்குத் தெரியும். மலை தன் அடிவாரத்துக்கு உருட்டிவிட்ட கற்கள் அங்கே மண்ணுக்குள் புதைந்து கிடக்கின்றன. சில ஒரு அறை அளவு இருக்கும், சில வீட்டளவு. துளைக்கிறவர்கள் அப்படி ஒரு கல்லில் போய் முட்டியதும் பாறை வந்துவிட்டது என்று ஏழங்குலக் குழாயை அதன்மேல் உட்கார வைத்துவிடுவார்கள். கல்லைத் தாண்டினால் கீழே மறுபடியும் களிமண். கிணறு அங்கே சரியும்.

இந்த முறை சாருடைய திட்டப்படி பன்னிரண்டு அங்குலத்தில் தொடங்கினோம். மே மாதக் கடைசி. மலைமேல் மேகம் கட்டியிருந்தது. கீழே வெயில் காய்ந்தது. போர் போடுகிற வண்டி திருச்செங்கோட்டுப் பக்கத்திலிருந்து வந்திருந்தது. ஆபரேட்டரும் அந்த ஊர்க்காரர். நல்ல வேலைக்காரர், வாய்தான் கொஞ்சம் நீளம். முதல் கல் வந்தது. அதன்மேல் பத்தங்குலக் குழாயை உட்கார வைத்தோம். அதற்குள் ஒன்பது அங்குலச் சுத்தியலை இறக்கிக் கல்லைத் துளைத்துத் தாண்டினோம். எதிர்பார்த்தபடி களிமண் வந்தது. சாருடைய அகலம் அங்கே கிணற்றைக் காப்பாற்றியது. இதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

களிமண்ணுக்குக் கீழே மறுபடியும் சாம்பல் நிறத் தூள் பறந்தது. ஆபரேட்டர் சுத்தியலை ஓட்டுகிற காற்றை நிறுத்திவிட்டு இறங்கி வந்தார்.

“பாறைங்க. இனி ஏழிஞ்ச எறக்கிப்போட்டு ஆறரையில போயிரலாமுங்க.”

பிரச்சினை அங்கேதான் தொடங்கியது. இது பாறையாக இருந்தால் ஆபரேட்டர் சொன்னது சரி. இன்னொரு கல்லாக இருந்து, அதன்மேல் ஏழங்குலக் குழாயை உட்கார வைத்துவிட்டால் இந்தக் கிணறும் முந்தைய இரண்டைப் போல முடிந்துவிடும். அதற்குள் இறக்க வேறு குழாய் கிடையாது. சரி, இன்னும் கொஞ்சம் துளைத்துப் பார்க்கலாம் என்றால் அதிலும் ஆபத்து. மேலே களிமண் குழாய் இல்லாமல் திறந்து கிடந்தது. துளைக்கிற காற்று அதை அரித்துக்கொண்டே இருக்கும். சரிந்தால் சுத்தியலோடு போகும். எவ்வளவு இடம் விட்டுத் தொடங்கினாலும் ஒரு கட்டத்தில் இடம் தீர்ந்து, யாராவது ஒரு வார்த்தை சொல்லியாக வேண்டும்.

ஹவில்தார் அண்ணாச்சி சாருக்கு முன்னால் வந்து நின்றார்.

“சொல்லுங்க இஞ்சினியரே. பாறையா, கல்லா?”

“பாறையா இருக்கலாம் அண்ணாச்சி. கல்லாவும் இருக்கலாம்.”

“அது எனக்கும் தெரியும். எங்க வீட்டு ஆடு மேய்க்கவனுக்கும் தெரியும். நீங்க எதுன்னு சொல்லுதிய?”

“ரெண்டுக்கும் வாய்ப்பு இருக்குது.”

“எய்யா, சண்டையில கமாண்டர் இப்படிச் சொன்னா நாங்க என்ன செய்ய? பாதி உடம்பு முன்னால போவணும், பாதி உடம்பு பின்னால ஓடணுமாக்கும்?”

ஆபரேட்டர் சிரித்துவிட்டார். சார் சிரிக்கவும் இல்லை, கோபப்படவும் இல்லை. தளர்ந்த கைக்கடிகாரத்தைச் சுற்றிக்கொண்டு மலையைப் பார்த்தார். வெயிலில் அந்தப் பெரிய சட்டை காற்றுக்கு உப்பி அடங்கியது.

நான் குழாயடியில் குவிந்திருந்த தூளை அள்ளி வாளித் தண்ணீரில் அலசினேன். தூள் போய்க் கற்சில்லுகள் மட்டும் நின்றன. பல சில்லுகளின் ஒரு பக்கம் துருநிறத்தில் வழவழப்பாக இருந்தது. மண்ணில் உருண்டு கிடந்த கல்லின் மேல்தோல் அது. தாய்ப்பாறையாக இருந்தால் இப்படி இருக்காது. கடைசியாக வந்த தூளிலிருந்து அள்ளிய அடுத்த கைப்பிடியில் சில்லுகளின் நிறமே வேறாக இருந்தது. ஒன்றின்மேல் ஒன்றாக இரண்டு கற்கள் என்று எனக்குத் தோன்றியது. தோன்றியது என்று எழுதுவது தப்பு. தெரிந்தது.

“கல்லு. இன்னும் போவணும்” என்றேன்.

“ஏனுங் அம்மிணி, சுத்தியல் மாட்டிக்கிச்சுன்னா நீங்க குழிக்குள்ள கைய விட்டு எடுத்துத் தருவீங்களா?” என்றார் ஆபரேட்டர்.

“மாட்டாது. போங்க.”

ஹவில்தார் அண்ணாச்சி சாரைப் பார்த்தார். அவர் சொன்னார்: “அந்தப் பிள்ளையோட கணிப்பு அது.”

அந்த ஏழு எழுத்து ‘அந்தப் பிள்ளை’ இன்றைக்கும் என் காதில் இருக்கிறது. ஆமாம் என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை.

ஹவில்தார் அண்ணாச்சி என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு ஆபரேட்டரிடம் கையை ஆட்டினார். “போ லே.”

சுத்தியல் மறுபடி இறங்கியது. கெட்டியாகவே போய்க்கொண்டிருந்தது. சுத்தியலைத் தாங்குகிற கம்பி ஒன்று முழுசாக இறங்கி, அதில் மாட்டிய அடுத்த கம்பியும் பாதி இறங்கிவிட்டது. அதே சாம்பல் தூள். பிறகு தூளோடு மஞ்சள் கட்டிகள் வரத் தொடங்கின. மேலே களிமண் பெயர்கிறது என்று எல்லாருக்கும் தெரிந்தது. ஆபரேட்டர் என்னைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார். ஹவில்தார் அண்ணாச்சி ஒரு தென்னங்கன்றின் பக்கத்தில் போய் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார். நான் வாளியைவிட்டு நகரவில்லை.

திடீரென்று கம்பி ஒரு முழத்துக்கு மேல் தானாக இறங்கியது. சுத்தியலின் சத்தம் மாறியது. குழாய் வாயிலிருந்து செஞ்சேறு பீறிட்டு ஆபரேட்டரின் சட்டையில் அடித்தது.

“மண்ணுங்க!” என்று கத்தினார். “அடியில மண்ணுங்க!”

அதைத் தாண்டி வந்த கெட்டியில் சில்லுகள் எல்லாப் பக்கமும் புதிதாக, கூராக இருந்தன. நிறமும் மாறவில்லை. மூன்று முறை அலசிப் பார்த்துவிட்டு, இதுதான் பாறை, ஏழங்குலத்தை இறக்குங்கள் என்றேன். குழாய்களைப் பற்றவைத்து ஒவ்வொன்றாக இறக்கினார்கள். அதற்குள் ஆறரை அங்குலத்தில் போனபோது பாறை வெடிப்பில் தண்ணீர் கிடைத்தது. ஹவில்தார் அண்ணாச்சி தண்ணீரைக் கையில் ஏந்திக் குடித்துவிட்டு, தலையில் தெளித்துக்கொண்டு, சத்தமாக ஏதோ ஹிந்தியில் சொன்னார். அந்த நிலம் லாட்ஜுக்குப் போகவில்லை.

திரும்பி வரும்போது காரில் நான் கேட்டேன்.

“‘அந்தப் பிள்ளையோட கணிப்பு’ன்னு சொன்னீங்களே சார். தப்பாப் போயிருந்தா?”

“தப்பாப் போயிருந்தா, அந்தப் பிள்ளை சொன்னத நான் ஒத்துக்கிட்டேன்னு சொல்லியிருப்பேன்.”

“சரியாப் போச்சே, இப்ப?”

“இப்பவும் அதையேதாம்மா சொல்லுவேன்.”

கார் பண்பொழியைத் தாண்டும்வரை அதை யோசித்துக்கொண்டிருந்தேன். பழியில் பங்கு எடுத்துக்கொள்கிற நல்ல மனிதரின் பேச்சு என்று எடுத்துக்கொள்ளலாம். எந்தப் பக்கம் விழுந்தாலும் அடிபடாமல் நிற்கத் தெரிந்தவரின் பேச்சு என்றும் எடுத்துக்கொள்ளலாம். அவரிடம் கேட்டிருந்தால் இரண்டும்தான் என்றிருப்பார். நான் கேட்கவில்லை.

கொஞ்ச நாளில் ஹவில்தார் அண்ணாச்சி ஒரு வாழைத்தாரோடு அலுவலகத்துக்கு வந்தார். கூடவே அவருடைய மச்சான். வாசுதேவநல்லூருக்கு மேற்கே, மலையடியில் அவருக்கு எலுமிச்சைத் தோட்டம். அங்கேயும் இரண்டு போர் மூடிக் கிடக்கிறதாம்.

“மச்சான் கேக்காரு, அன்னைக்கு முடிவு சொன்னது யாருன்னு” என்றார் ஹவில்தார் அண்ணாச்சி. கேட்டது சாரைப் பார்த்து; கண் என் பக்கம் இருந்தது.

“எல்லாரும் கூடிப் பேசித்தான் செஞ்சோம்” என்றார் அவர்.

பொய் இல்லை. அங்கே எல்லாரும் இருந்தோம், எல்லாரும் பேசினோம். மாதக் கடைசியில் நான் வேலையை விட்டேன். அவர் வருத்தப்பட்டாரா என்று சொல்ல முடியாது. “எப்ப வேணும்னாலும் திரும்பி வரலாம்மா. உன் நாற்காலிய எடுக்க மாட்டேன்” என்றார். டைப்பிங் அக்கா சொல்லித்தான் தெரியும், உண்மையாகவே எடுக்கவில்லை. மறு வருஷம் அவர் மறுபடி வளைகுடாவுக்குப் போய்விட்டார். போகிறேன் என்று யாரிடமும் சொல்லிக்கொள்ளவில்லை. அலுவலகத்தைக் காலி செய்யவும் இல்லை. வாடகை மாதா மாதம் வந்துகொண்டிருக்கிறதாம். அவருடைய அக்கா என்னைக் கடைவீதியில் பார்த்தபோது, “வருவான். வராமயும் இருப்பான்” என்றார். தம்பியின் பேச்சு அவருக்கும் ஒட்டிக்கொண்டிருந்தது.

நான் இப்போது தனியாகச் செய்கிறேன். அவரைப் போலவே அகலமாகத்தான் தொடங்குகிறேன். அதை மாற்றிக்கொள்ள எனக்கு எந்தக் காரணமும் கிடைக்கவில்லை. ஏஜெண்டுகள் என்னையும் ஏதாவது பெயர் வைத்துக் கூப்பிடுவார்கள் என்று நினைக்கிறேன்.

எலுமிச்சைத் தோட்டத்துக்காரர் என்னிடம் அப்போதே வந்துவிடவில்லை. முதலில் வேறு ஒருவரை வைத்து ஒரு போர் போட்டுப் பார்த்தார். அதுவும் மூடியது. இந்த வாரம்தான் வந்தார். இன்று காலையிலிருந்து வாசுதேவநல்லூரில் நிற்கிறேன். முதல் கல்லைத் தாண்டியாயிற்று, களியைத் தாண்டியாயிற்று, இரண்டாவது கெட்டி வந்தது. இங்கே சில்லுகள் மேக்கரையில் பார்த்ததுபோல அத்தனை தெளிவாக இல்லை. சிலவற்றில் லேசாக ஒரு பழுப்பு இருக்கிறது. அது மண்ணில் கிடந்த கல்லின் பழுப்பல்ல, பாறையின் வெடிப்புக்குள் தண்ணீர் ஓடிய பழுப்பு என்பது என் முடிவு.

தோட்டக்காரர் இரண்டு முறை கேட்டுவிட்டார். “பாறைதானம்மா?”

“பாறைதான் அண்ணாச்சி. நான் சொல்லுதேன்.”

ஏழங்குலக் குழாயை இறக்கச் சொல்லிவிட்டேன். முதல் நான்கு குழாய்கள் உள்ளே போய்விட்டன.